கிராமப்புறக் கர்ப்பிணிகளும் வைட்டமின் டி-யும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் கால்சியம் மாத்திரை வழங்க வேண்டும் என்பது நடுவண் அரசின் நெறிமுறை. 2014இல் வெளியான அந்த நெறிமுறையின்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 சர்வதேச அலகு வைட்டமின் டி3-யும் இருக்கும். நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள். மாத்திரையை வாங்குபவர்களும் கொடுப்பவர்களும் அதைக் கால்சியம் மாத்திரை என்றே சொல்கிறார்கள். அதனுள் இருக்கும் 250 அலகு வைட்டமின் டி-யைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

அந்தச் சிறு அளவு மாத்திரைக்குள் வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. இடையில் காஷ்மீர், பஞ்சாப் மலையடிவாரம், வடசீனக் கிராமங்கள், லண்டன், ரோத்தக், லக்னோ, டாக்கா எனப் பல ஊர்களின் பெண்கள் இந்த வரலாற்றில் வருகிறார்கள். "வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு வெயிலே போதும்" என்ற நம்பிக்கை இந்த நூறாண்டுகளில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்தப் பெண்ணை நேரில் பரிசோதித்தபோது விடை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இடுப்பெலும்பை நெரிக்கும் நோய்

இன்று வைட்டமின் டி குறைபாடு என்றால் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ஓர் எண்தான் நினைவுக்கு வரும். நூறாண்டுக்கு முன் அது கண்ணால் காணக்கூடிய நோயாக இருந்தது. வைட்டமின் டி போதாதபோது குடல் உணவிலுள்ள கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. வளரும் குழந்தைக்கு இக்குறை ஏற்பட்டால் கால்கள் வளையும், அது ரிக்கெட்ஸ். வளர்ந்தவருக்கு ஏற்பட்டால் இருக்கும் எலும்பே மென்மையாகும், அது ஆஸ்டியோமலேசியா. இக்கட்டுரையில் அதை எலும்பு மென்மை நோய் என்று குறிப்பிடலாம்.

இந்நோய் பெண்களை, அதிலும் பல முறை கருவுற்ற பெண்களைத் தேடிப் பிடித்தது. நிறைமாதக் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் சேர்ந்திருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து செல்கிறது. பிறகு தாய்ப்பால் வழியாகவும் கால்சியம் வெளியேறும். உணவிலிருந்து ஈடு கிடைக்காவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படும். ஒரு பேறு முடிந்து உடல் தேறுவதற்குள் அடுத்த கரு உண்டானால் இழப்பு ஏறிக்கொண்டே போகும்.

முதலில் இடுப்பிலும் முதுகிலும் வலி. பிறகு வாத்து நடப்பது போன்ற நடை. மாடிப்படி ஏற முடியாமை. உடலின் பாரம் மென்மையான இடுப்பெலும்பை மூன்று பக்கங்களிலிருந்தும் உள்நோக்கித் தள்ளும். குழந்தை வெளிவர வேண்டிய வழி மூன்று கிளையாகச் சுருங்கிவிடும். இதில் ஒரு கொடுமை உண்டு. சிறுவயது ரிக்கெட்ஸால் இடுப்பு குறுகிய பெண்ணுக்கு முதல் பேற்றிலேயே சிக்கல் தெரிந்துவிடும். எலும்பு மென்மை நோய் வந்தவளோ முதல் இரண்டு மூன்று குழந்தைகளை வீட்டிலேயே எளிதாகப் பெற்றிருப்பாள். நான்காவதோ ஐந்தாவதோ குழந்தையின்போது வலி எடுத்து நாட்கணக்கில் பேறு ஆகாது. "முன்பெல்லாம் நன்றாகத்தானே பெற்றாள்" என்று வீட்டார் காத்திருப்பார்கள். சிசேரியன் செய்ய வசதியில்லாத ஊரில் தாய், சேய் இருவரும் இறப்பதே பெரும்பாலும் அதன் முடிவு.

எண்ணெயா, வெயிலா?

இந்நோய்க்குக் காரணம் என்ன என்பதில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஜப்பானில் மருத்துவ ஊழியம் செய்த தியோபால்ட் பாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் பல நாடுகளில் பணியாற்றிய மருத்துவ ஊழியர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டு, வெயில் நிறைந்த நாடுகளில் ரிக்கெட்ஸ் அரிது என்று 1890இல் எழுதினார். உணவே காரணம் என்பவர்களுக்கு எட்வர்ட் மெலன்பியின் ஆய்வு கை கொடுத்தது. அவர் 1919 வாக்கில் நாய்க்குட்டிகளை உள்ளேயே அடைத்து வைத்து, ஒருவகை உணவை மட்டும் கொடுத்து நோயை உண்டாக்கினார். காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்து நோயைத் தடுத்தார். அதே 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கொளியால் குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார்.

முதல் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய வியன்னாவில் ஹாரியட் சிக் என்ற அறிவியலாளரின் குழு இரு தரப்பும் சரியே என்று காட்டியது. 1922இல் அமெரிக்காவில் எல்மர் மெக்கல்லம், மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றூட்டி அதிலுள்ள வைட்டமின் ஏ-யை அழித்த பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவதைக் கண்டார். ஏ, பி, சி மூன்றும் ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்டதால் புதியதற்கு டி என்ற எழுத்து கிடைத்தது. தோலில் வெயில் பட்டால் உடலே அதை ஆக்கிக்கொள்கிறது, மீன் எண்ணெயில் அது ஆயத்தமாக இருக்கிறது என்பது விளங்கிய பின் சண்டை ஓய்ந்தது. இத்துறை ஆய்வுக்காக அடால்ஃப் விண்டாஸுக்கு 1928இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஸ்ரீநகரும் காங்க்ராவும்

ஆய்வகத்தில் ஓய்ந்த சண்டை இந்தியாவில் வேறு வடிவில் தொடர்ந்தது. கேத்லீன் வாகன் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஸ்ரீநகரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றியவர். நெரிந்த இடுப்பெலும்புடன் வரும் பெண்களைத் தொடர்ந்து கண்ட அவர் 1926இல் காஷ்மீரின் எலும்பு மென்மை நோய் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1928இல் பர்தா முறை தாய்மையை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். நகரத்தின் இருண்ட வீடுகளில் அடைந்து கிடக்கும் பெண்கள் நோயுறுகிறார்கள். படகுகளில் வாழும் பெண்களும் வயலில் உழைக்கும் குடியானவப் பெண்களும் எளிதாகக் குழந்தை பெறுகிறார்கள். ஆகவே ஒளியின்மையே காரணம் என்பது அவர் வாதம்.

வாகனின் கவனிப்பு கூர்மையானது. வெளிவந்த காலம் மட்டும் சிக்கலானது. முந்தைய ஆண்டுதான் கேத்தரின் மேயோவின் "மதர் இந்தியா" வெளிவந்து, இந்தியப் பெண்களின் நிலையைக் காட்டி இந்தியருக்குத் தன்னாட்சித் தகுதியே இல்லை என்ற பேச்சைக் கிளப்பியிருந்தது. அந்தச் சூழலில் ஒரு நோயின் காரணத்தை ஒரு சமூக வழக்கத்தின் மீது மட்டும் ஏற்றிச் சொல்வது எளிதாகவும் இருந்தது, கேட்பதற்கு ஆளும் இருந்தது. குடியானவப் பெண்ணுக்கு நோய் இல்லை என்ற பகுதி அப்படியே நிலைத்துவிட்டது. வெயிலில் நிற்பவளுக்குக் குறையில்லை என்ற எண்ணத்தின் மருத்துவ வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

டாக்மர் கர்ஜெல் வில்சன் அதைச் சற்று அசைத்தார். அவர் வங்காளத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களின் பேறுகால நிலையை முன்பே ஆராய்ந்தவர். 1920களின் இறுதியில் பஞ்சாபின் காங்க்ராப் பள்ளத்தாக்கில் (இன்று இமாசலப் பிரதேசம்) எலும்பு மென்மை நோய் பரவியிருந்ததைக் களத்துக்குச் சென்று ஆராய்ந்தார். அவருடைய கட்டுரைகள் இந்திய மருத்துவ ஆய்விதழில் தொடராக வந்தன; 1931இல் லான்செட் இதழிலும் வட இந்தியா பற்றிய சுருக்கம் வெளியானது. காங்க்ரா மலைநாடு, கிராமங்கள் சிதறிக் கிடக்கும் பகுதி. அங்கே பர்தாவை மட்டும் சொல்லி நோயை விளக்க முடியவில்லை. தானியமே பெரும்பகுதியான உணவையும், பாலும் நெய்யும் யார் தட்டுக்குப் போகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. வெயில், உணவு, அடுத்தடுத்த பேறுகள் மூன்றும் ஒரே பெண்ணின் மேல் விழும்போது நோய் வெளிப்படுகிறது என்ற பார்வைக்கு வில்சனின் பணி வழி வகுத்தது. வாகன் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. கோஷமாகச் சுருக்க முடியாத முடிவுகளுக்கு அப்படித்தான் நேர்கிறது.

ஷான்சியின் தாய்மார்கள்

அதே ஆண்டுகளில் வட சீனாவின் ஷான்சி மாநிலத்திலும் இந்நோய் கிராமங்களைப் பீடித்திருந்தது. தினை, கோதுமை, சோளம் போன்ற தானியங்களே அங்கே உணவு. பால் கிடையாது, முட்டையும் இறைச்சியும் அரிது. நீண்ட குளிர்காலம். கால்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் முற்றாக ஒழியாத காலம் என்பதால் பெண்கள் வெகுதூரம் நடப்பதுமில்லை. பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த ஜே. பிரெஸ்டன் மேக்ஸ்வெல் இந்தப் பெண்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். நோயுற்ற தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பிறக்கும்போதே ரிக்கெட்ஸ் இருக்கக்கூடும் என்பதை எக்ஸ்ரே படங்களுடன் அவர் காட்டினார். தாய் எவ்வளவு தேய்ந்தாலும் கருவுக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிடும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அது உண்மையில்லை என்று ஆனது.

இதன் தொடர்ச்சியாக அதே கல்லூரியில் லியு ஷிஹாவ், ஜு சியான்யி என்ற இரு சீன மருத்துவர்கள் செய்தது, என் கணிப்பில் இந்த வரலாற்றிலேயே மிகப் பொறுமையான ஆய்வு. நோயுற்ற பெண்களை மருத்துவமனையில் நீண்ட காலம் தங்கவைத்து, அவர்கள் உண்ணும் ஒவ்வொன்றையும் எடைபோட்டார்கள். சிறுநீர், மலம் இரண்டிலும் வெளியேறும் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அளந்தார்கள். வரவு, செலவு, கையிருப்பு என்று கடைக்கணக்கு எழுதுவது போன்ற வேலை. கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் ஆகியோரின் கணக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது.

கணக்கு சொன்னது இதுதான். வைட்டமின் டி இல்லாத உடலில் உண்ட கால்சியம் கிட்டத்தட்ட அப்படியே மலத்தோடு வெளியேறியது; சில வேளை உண்டதைவிட அதிகமும் வெளியேறியது. கால்சியத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தாலும் பெரிய பயன் இல்லை. சிறிய அளவு வைட்டமின் டி கொடுத்ததும் நிலைமை மாறியது. அதே உணவிலிருந்து கால்சியம் உடலில் தங்கத் தொடங்கியது. கர்ப்பம் நோயை எவ்வாறு தூண்டுகிறது, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1941இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியானது.

ஆக 1941லேயே விடையின் சாரம் கையில் இருந்தது: கருவுற்ற பெண்ணுக்கு மிதமான கால்சியமும் சிறிதளவு வைட்டமின் டி-யும் போதும். அதை ஷான்சியின் ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுபோகக் கட்டமைப்பு இல்லை. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டதும் ஜப்பானியப் படை கல்லூரியைக் கைப்பற்றியது. ஆய்வுத் தொடர் அங்கேயே அறுந்தது.

போர்க்கால எண்ணெய்

பிரிட்டனில் கதை வேறு. போர்க்காலப் பங்கீட்டின் பகுதியாக 1942 முதல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் காட் மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அரசே வழங்கியது. கர்ப்பிணி என்ற ஒரே தகுதிக்காக ஒரு நாடு வைட்டமின் டி வழங்கிய முன்னோடித் திட்டங்களில் ஒன்று இது.

இந்தியாவுக்குக் காட் மீன் எண்ணெய் இறக்குமதியாகி வந்தது. 1940இல் நார்வே ஜெர்மனியின் பிடிக்குள் சென்றதும் வரத்து தடைபட்டது. மாற்றாக மேற்குக் கடற்கரையில் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கும் தொழில் வளர்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் அரசே எண்ணெய் தயாரித்தது. மீன் எண்ணெய் மாத்திரையும் புட்டியும் நம் வீடுகளில் பழக்கமானதில் இந்தத் தொழிலுக்குப் பங்குண்டு. ஆனால் சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி, டி குறைவு. மாலைக்கண் நோய்க்கு அது அருமருந்து; எலும்பு மென்மைக்கு டி-யைத் தனியே கலந்தாக வேண்டும். "மீன் எண்ணெய்" என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்கியதால் இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாமலே போனது.

மிகுந்தால் கேடு என்ற அச்சம்

1950களில் பிரிட்டனில் சில குழந்தைகளின் இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயர்ந்தது. பால்மாவு, தானியக்கூழ், மீன் எண்ணெய் என எல்லாவற்றிலும் வைட்டமின் டி சேர்த்ததே காரணம் என்று கருதி, சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது. 1960களில் கர்ப்பிணிகளுக்கு மிகுந்த அளவில் கொடுத்தால் குழந்தையின் இதயத் தமனி பாதிக்கப்படலாம் என்ற ஐயமும் எழுந்தது. அதன்பின் நாளொன்றுக்கு 400 அலகு என்பது கடக்கக்கூடாத கோடு போல ஆனது. பத்து மில்லிகிராம்கூட அல்ல, பத்து மைக்ரோகிராம். ஒரு தேக்கரண்டி மீன் எண்ணெயில் அடங்கும் அளவு.

எலும்பு மென்மை நோய் பணக்கார நாடுகளில் முடிந்த கதை என்று எண்ணியிருந்தபோது, 1962இல் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியரிடம் அது கண்டறியப்பட்டது. 1980இல் லண்டனில் ஓ. ஜி. ப்ரூக்கின் குழு, தெற்காசிய வழியில் வந்த 126 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் கடைசி மூன்று மாதங்கள் நாள்தோறும் 1000 அலகு கொடுத்தது. கொடுக்கப்படாத தாய்மாரின் குழந்தைகள் சிலருக்குப் பிறந்த சில நாட்களில் கால்சியக் குறைவின் அறிகுறிகள் தோன்றின. எடை குறைந்து பிறந்த குழந்தைகளும் அந்தப் பிரிவில்தான் ஏறத்தாழ இரு மடங்கு.

ரோத்தக் முதல் பாராபங்கி வரை

மறு ஆண்டே, 1981இல், ஹரியானாவின் ரோத்தக் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆர். கே. மார்யா குழுவின் ஆய்வு வெளிவந்தது. 120 கர்ப்பிணிகள். சிலருக்குக் கடைசி மூன்று மாதங்கள் நாள்தோறும் 1200 அலகும் கால்சியமும். வேறு சிலருக்கு ஏழாம் மாதத்தில் ஒரு முறை, எட்டாம் மாதத்தில் ஒரு முறை, ஒவ்வொன்றும் 6 லட்சம் அலகு. மேற்கில் 400 அலகைத் தாண்டவே தயங்கிய காலத்தில் இந்த எண் திகைக்க வைக்கும். அதன் பின்னால் உள்ள கணக்கு எளிது: கிராமத்திலிருந்து வரும் பெண் தினமும் மாத்திரை போடுவாள் என்பதற்கு உறுதியில்லை, வரும்போதே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பெரிய அளவு பெற்ற பிரிவில் தாயின் இரத்தத்திலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் கால்சியம் உயர்ந்தது. குழந்தைகளின் எடையும் கூடியது. இருந்தும் இந்த முறை பொதுத் திட்டமாகவில்லை. இன்று 6 லட்சம் அலகை ஒரே முறையில் கர்ப்பிணிக்குக் கொடுக்க எவரும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் மௌனம். முடங்கிய பெண்கள் மருத்துவமனைகளில் அரிதாகிவிட்டார்கள். நோயும் போய்விட்டது என்று கருதப்பட்டது. இரத்தத்தில் வைட்டமின் டி-யின் அளவை நேரடியாகக் கணக்கிடும் பரிசோதனை பரவலான பிறகே மறைந்திருந்தது தெரியவந்தது. 2005இல் லக்னோவிலிருந்து வெளியான ஆய்வில் பேறுகாலத்தை எட்டிய 207 பெண்களின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். 20க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்பது பொதுவான வரையறை. இந்த ஆய்வாளர்கள் 22.5ஐ எல்லையாகக் கொண்டார்கள். அதற்குக் கீழே இருந்தவர்கள் நகரப் பெண்களில் 84 விழுக்காடு, கிராமப் பெண்களிலும் 84 விழுக்காடு. வாகன் கண்ட வேறுபாடு அங்கே இல்லை.

2009இல் வந்த அடுத்த ஆய்வு லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தது. கர்ப்பிணிகளில் நான்கில் மூவருக்குக் குறைபாடு. வளரிளம் பெண்களின் நிலை இன்னும் மோசம். கோடையைவிடக் குளிர்காலத்தில் அளவு வெகுவாக இறங்கியது. ஆய்வாளர்கள் அந்தப் பெண் பிள்ளைகளின் உடன்பிறந்த பையன்கள் சிலரின் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வானம். பையன்களின் அளவு தங்கள் சகோதரிகளைவிட வெகு அதிகமாக இருந்தது. வெயில் ஊருக்குப் பொது. அது யார் தோலில், எவ்வளவு நேரம், எவ்வளவு பரப்பில் படுகிறது என்பது பொதுவல்ல. காலை இருளில் தண்ணீருக்கும் மாட்டுக்கும் எழுந்து, பகலில் அடுப்படியிலும் திண்ணை நிழலிலும் வேலை பார்த்து, வெளியே போகும்போது தலைமுதல் கால்வரை போர்த்திச் செல்லும் பெண் "கிராமத்தில்" இருக்கிறாள் என்பதனாலேயே வெயிலில் இருக்கிறாள் என்று ஆகிவிடாது. தோலின் கருநிறமும் புற ஊதா ஒளியைத் தடுப்பதால் அதே அளவு வைட்டமின் ஆக அதிக நேரம் தேவைப்படுகிறது.

தெற்கே நிலைமை சற்று மாறுபட்டது. திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில் கிராமத்தார் நகரத்தாரைவிட மேலான அளவிலும், ஆண்கள் பெண்களைவிட மேலான அளவிலும் இருந்தார்கள். அங்கே குறையாகத் தெரிந்தது உணவுக் கால்சியம். தானியங்களில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் அந்தக் குறைந்த கால்சியத்தையும் குடலில் கட்டிப்போடுகிறது. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் தன் கையிருப்பு வைட்டமின் டி-யை விரைவாகச் செலவழிக்கும் என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. காங்க்ராவில் வில்சன் உணவையும் வெயிலையும் பிரிக்க மறுத்ததற்கு எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்த உடலியல் விளக்கம் இது என்று கொள்ளலாம். மைசூரில் 559 தாய்மாரிடம் செய்த ஆய்வு (2009) இன்னொரு எச்சரிக்கையைத் தந்தது. மூவரில் இருவருக்குக் குறைபாடு இருந்தும், அது குழந்தையின் பிறப்பு அளவோடோ தாயின் கர்ப்பகால நீரிழிவோடோ தொடர்புபடவில்லை.

டாக்காவின் விடை

எண் குறைவாக இருக்கிறது, சரி. மருந்து கொடுத்து எண்ணை உயர்த்தினால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? இதற்குத் தெளிவான விடை தேடிய பெரிய ஆய்வு வங்காளதேசத்தில் நடந்தது. டேனியல் ராத் தலைமையில் டாக்காவில் 1300 கர்ப்பிணிகள் குலுக்கல் முறையில் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. மற்றவர்களுக்கு வாரத்துக்கு 4200, 16,800, 28,000 அலகு என வெவ்வேறு அளவு. பெரிய அளவைப் பெற்றவர்களில் ஒரு பிரிவுக்குப் பேற்றுக்குப் பின்னும் ஆறு மாதம் தொடர்ந்தது. 2018இல் முடிவு வெளியானது. தாய்மாரின் இரத்த அளவு எதிர்பார்த்தபடி உயர்ந்தது. ஓராண்டு நிறைவில் குழந்தைகளின் வளர்ச்சியில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை.

இது டாக்கா என்ற பெருநகரத்தின் ஆய்வு என்பதையும், குழந்தையின் உயரத்தை அளந்ததே தவிர ஐந்தாம் பேற்றில் நெரியும் இடுப்பெலும்பை அது தேடவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் கர்ப்பகால வைட்டமின் டி-யின் மேல் ஏற்றப்பட்ட பல வாக்குறுதிகளுக்கு அது கடிவாளம் போட்டது. உலக சுகாதார அமைப்பு 2016இலும் 2020இலும் ஒரே நிலைப்பாட்டை எடுத்தது: எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரை இல்லை, குறைபாடு இருப்பதாக ஐயம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 200 அலகு தரலாம். யாருக்குக் குறைபாடு என்று ஐயப்படுவது? பாராபங்கியின் கணக்குப்படி நான்கில் மூவர் மீது. ஒவ்வொருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யக் கிராம சுகாதார நிலையத்தால் இயலாது. பரிசோதனைக்கு ஆகும் செலவில் அந்தப் பெண்ணுக்குப் பல மாதங்களுக்கான மாத்திரையே வாங்கிவிடலாம்.

கால்சியத்தோடு வந்த 250 அலகு

இந்தியா இந்த வாதத்தைச் சுற்றிக்கொண்டு போனது என்றுதான் சொல்ல வேண்டும். 2014 நெறிமுறையின் முதன்மை நோக்கம் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தையும் அதன் வலிப்பையும் குறைப்பது. உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே கால்சியம் கொடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. வைட்டமின் டி அந்தக் கால்சியம் உறிஞ்சப்படத் துணையாகச் சேர்க்கப்பட்டது. நாளுக்கு இரண்டு மாத்திரை என்றால் 500 அலகு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கர்ப்பிணிக்குப் பரிந்துரைத்த 600 அலகை இது கிட்டத்தட்ட நிரப்புகிறது. கால்சியமும் சிறிதளவு டி-யும் சேர்த்து என்ற இந்தச் சூத்திரம் ஷான்சிப் பெண்களின் கணக்கேட்டில் 1941இல் எழுதப்பட்டதற்கு மிக அருகில் இருக்கிறது. திட்டமிட்டு அங்கிருந்து எடுத்ததாகத் தெரியவில்லை; வேறு பாதையில் வந்து அதே இடத்தைத் தொட்டிருக்கிறது.

மாத்திரையை விழுங்குவதிலும் ஒரு முறை உண்டு. கால்சியம் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே வேளையில் போடக்கூடாது. கால்சியத்தை உணவோடு காலையும் இரவும், இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரத்தசோகை மிகுந்த நாட்டில் இது சிறு விவரமல்ல. எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிடும் பெண்ணுக்கு இரும்பின் பயன் குறையும்.

நான்காம் மாதம் முதல் பேறு வரை ஏறத்தாழ 180 நாள், பாலூட்டும் ஆறு மாதம் இன்னொரு 180 நாள். நாளுக்கு இரண்டு வீதம் ஒரு பெண்ணுக்கு ஒரு பேற்றுக்கு 720 மாத்திரைகள். மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யாதவள் தொடக்கத்திலேயே ஒரு பங்கை இழக்கிறாள். ஏழாம் மாதத்தில் தாய்வீடு செல்பவளுக்கு அந்த ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் மாற வேண்டும். குழந்தை பிறந்தபின் கவனம் முழுவதும் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் போய்விடுகிறது. பாலூட்டும் தாய்க்கு உரிய 360 மாத்திரைகள்தான் அதிகம் விடுபடக்கூடியவை. அடுத்த பேற்றுக்கு முன் எலும்பு தன் இழப்பை ஈடு செய்துகொள்ள வேண்டிய காலமும் அதுதான்.